மேல் அடுக்கில் எட்டுத் தட்டுகள்

வெளியே வண்டி மூன்றாவது முறை ஹாரன் அடித்தது. ஹிந்தாத்து நிமிரவில்லை.

இடது கையில் தட்டு, வலது கையில் கந்தல் துணி. தட்டின் மேல் பூசிய கறுப்புக் கலவை இறுகுவதற்குள் துடைத்தாக வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் துணியோடு போய்விடும். அசந்தால் தட்டு அடுப்புக்கரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே அரை நிமிடம் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் துடைத்தால், பூவேலைப் பள்ளங்களில் கறுப்பு தங்கி, மேடுகளில் மட்டும் தங்கம் எட்டிப் பார்க்கும். போன வாரம் வார்த்த அலுமினியத் தட்டுக்கு நூறு வயது கூடிவிடும்.

"ஹிந்தாத்து! டிரைவர் போயிடுவேன்கிறான்டி!"

வாசலில் அக்கா ரக்கியா. கல்யாணப் பெண்ணின் அம்மா. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"போக மாட்டான்க்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

"இதோட ஏழு தடவை ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டே!"

"இது எட்டாவது. கணக்கு சரியாயிடுச்சு."

ஹிந்தாத்து துடைத்தாள். பழுத்த பொன்னிறம் மெல்ல மேலே வந்தது. சின்னத் தூரிகையில் பச்சையைத் தொட்டு விளிம்பில் அங்கங்கே ஒற்றினாள். களிம்பு ரெடி. இனி மேலே வார்னிஷ் அடித்து ஒரு முழு நாள் காய வைக்க வேண்டும்.

ஒரு முழு நாள் இல்லை. ஒரு மணி நேரம்கூட இல்லை.

பெண்வீட்டார் மணமகள் அறையை அடுக்கி மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டும் சடங்குதான் அறை அடுக்கு. சனிக்கிழமை என்று பேசியிருந்த அது, நேற்று சாயங்காலம் திடீரென்று வியாழக்கிழமைக்கு மாறிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை ஹஜியா தபாவா வெள்ளிக்கிழமை கட்சினாவுக்குக் கிளம்புகிறாராம். அவர் பார்க்காமல் எந்த அறையும் அறை ஆகாது.

இருபத்து நான்கு தட்டுகளில் பதினாறுக்குத்தான் வார்னிஷ் ஏறியிருந்தது. மீதி எட்டும் பச்சை உடம்போடு வண்டியில் ஏறின.

*

இந்த வம்பு தொடங்கி மூன்று மாதம் ஆகிறது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கானோ நகரத்தில் பித்தளை செத்துக் கிடந்தது. மணப்பெண் அறை என்றால் கண்ணாடி அலமாரியும் பீங்கானும்தான் என்று ஊரே ஆடியது. ரக்கியாவும் ஆடினாள். அம்மா விட்டுப் போன பித்தளைத் தட்டுகள் அத்தனையையும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானமே கண்ணாடி அலமாரி வாங்கி வந்துவிட்டாள்.

இந்த வருடம் பித்தளை உயிர்த்தெழுந்தது. அதுவும் புதுப் பித்தளை இல்லை. கறுத்து, களிம்பேறி, பாட்டன் காலத்து அழுக்கோடு இருக்க வேண்டும். பளபளப்பாக இருந்தால் "கடையில வாங்கினதா?" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள்.

பெண் பேச வந்த அன்று ஹஜியா தபாவா பாயில் உட்கார்ந்து கோலா கொட்டையை மென்றுகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணு அறையில என்ன அடுக்கப் போறீங்க?"

"எங்கம்மாவோட பித்தளை" என்று சொன்னது ரக்கியாவின் வாய். ரக்கியாவைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ஹஜியா மெல்வதை நிறுத்தினார். "பழசா?"

"ரொம்பப் பழசு."

"வந்து பாக்குறேன்."

அந்த இரண்டு வார்த்தையில் ரக்கியாவுக்குத் தூக்கம் போனது. ஏனென்றால் கானோவில் ஃபாக்கே பேட்டையிலிருந்து டாலா பேட்டை வரை பித்தளை விஷயத்தில் ஹஜியா தபாவா வைத்ததுதான் தீர்ப்பு. தட்டின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுண்டு. காதைச் சாய்த்து ஒரு நொடி. அசலா போலியா என்று சொல்லிவிடுவார்.

போலி என்று சொல்லிவிட்டால்? பதினாறு வருடங்களுக்கு முன் ஒரு மணப்பெண்ணின் அறையில் இருந்த பீங்கானில் பாதி, பக்கத்து வீட்டு இரவல் என்று வெளியே வந்துவிட்டது. இன்றைக்கும் அவள் பெயர் 'இரவல் அலமாரி'. அவள் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'அலமாரி மகன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரக்கியாவின் மகள் சுவைபாவுக்கு 'பெயிண்ட் தட்டு' என்று பெயர் விழுந்தால், அவள் பேரப்பிள்ளை காலம்வரை உரியாது.

ரக்கியா நேராகத் தங்கையிடம் ஓடினாள். ஹிந்தாத்துவுக்குத் தொழிலே அதுதான். கல்யாண மண்டப மேஜைகளுக்கு அலங்காரத் தட்டுகள் வாடகைக்கு விடுகிறாள். வெள்ளித் தட்டு, செம்புத் தட்டு, துருப்பிடித்த தட்டு, எது கேட்டாலும் பூசித் தருவாள்.

"மேஜையில வைக்கிறது வேறக்கா. சாப்பிடுற அவசரத்துல எவனும் தட்டைப் பாக்க மாட்டான். இது தட்டைப் பாக்குறதுக்குன்னே வர்ற கூட்டம்."

"உன் காலைப் பிடிக்கிறேன்டி."

"காலை விடு. அந்த நகம் சுண்டும்போது என்ன பண்றது? அதைச் சொல்லு."

கடைசியில் வழி கண்டுபிடித்தது ரக்கியாதான். பானை வார்க்கிறவர்களிடம் சொல்லிக் கெட்டியான வார்ப்பு அலுமினியத்தில் தட்டுகள் செய்ய வேண்டியது. கணீர் என்று ஒலிக்காவிட்டாலும் டொக் என்று ஒலிக்காது. மீதியை? குலவை பார்த்துக்கொள்ளும். ஹஜியாவின் கட்டைவிரல் எழும்பினால் போதும், பெண்வீட்டுப் பெண்கள் எல்லோரும் குலவை போட்டுவிடுவார்கள். நகத்தின் சத்தம் எந்தக் காதிலும் விழாது.

*

மாப்பிள்ளையின் புது வீட்டில் அறை சின்னதுதான். கட்டில், திரை, சுவரில் மூன்று வரிசை மரப்பலகை.

"வார்னிஷ் அடிச்சது கீழ் ரெண்டு வரிசையில" என்று ஹிந்தாத்து உத்தரவு போட்டாள். "அடிக்காத எட்டும் மேல் வரிசையில. கூரையை ஒட்டி."

ரக்கியா ஸ்டூல் மேல் ஏறி, குதிகாலை உயர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தாள். இறங்கி அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டு இருபத்து நான்கு தட்டும் மங்கலாக, மரியாதையாக மின்னின. ரக்கியாவின் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே அம்மாவோடது மாதிரி இருக்குடி."

"அழாதேக்கா. மூக்கை உறிஞ்சு பாரு. என்ன வாசனை வருது?"

ரக்கியா உறிஞ்சினாள். முகம் மாறியது. "பெயிண்ட்டு!"

"அதான். சாம்பிராணி போடு. நிறையப் போடு."

ஆனால் தணல் பிடிக்கவில்லை. கரி ஈரம். ரக்கியா ஊதினாள், விசிறினாள், கரியைத் திட்டினாள். புகைதான் வந்தது, மணம் வரவில்லை.

அப்போதுதான் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"ஏய் என் அடிமைகளா! எஜமானி வந்திருக்கேன், வாசலுக்கு வந்து செருப்பைக் கழட்டி விட ஒருத்தி இல்லையா?"

அசாபே. தாய்மாமன் மகள். கேலி முறைக்காரி. அவள் இவர்களை அடிமை என்பாள், இவர்கள் அவளைக் குரங்கு என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. கல்யாண வீட்டில் அவள் கண்ணில் பட்ட எதையும் பறித்துக்கொண்டு ஓடலாம், கெஞ்சிக் கூத்தாடித்தான் மீட்க வேண்டும். அதுதான் முறை.

"அவகிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லிடாதே" என்று ரக்கியா கிசுகிசுத்தாள்.

"அதுக்கு நேரா ரேடியோவுலயே போய்ச் சொல்லிடலாமே" என்றாள் ஹிந்தாத்து.

அசாபே உள்ளே வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். வாயைப் பிளந்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவர்ல பித்தளை, காத்துல என்ன, லாரி ஷெட்டா? மணப்பொண்ணு அறையா இது? அடிமைகளுக்கு அறை அடுக்கத் தெரியுமா! தள்ளு, நான் பாத்துக்குறேன்."

"நீ எதையும் பாக்க வேணாம், மாசா அப்பம் சுடுற இடத்துக்குப் போ" என்று ஹிந்தாத்து அவளைத் திருப்பி வெளியே தள்ளினாள். அரிசி மாவு தீயும் வாசனை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அசாபே சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் போன திசையை ஹிந்தாத்து கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

*

மத்தியானத் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். முற்றத்தில் ஸலாம், சிரிப்பு, வளையல் சத்தம். கூடவே கும்மென்று ஒரு நறுமணம் அறைக்குள் புகுந்தது. மல்லிகை, சந்தனம், கிராம்பு. அதற்கும் அடியில் சுரீரென்று இன்னொன்று.

அந்த இன்னொன்றை ஹிந்தாத்துவின் மூக்குக்குத் தெரியும். தினமும் முகர்கிற மணம்.

முற்றத்துக்கு ஓடினாள். வாசற்படியில் அசாபே ஒரு பெரிய பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் தாராளமாக ஊற்றித் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தேச்சுக்கோங்க, மணிக்கட்டுலயும் தேச்சுக்கோங்க! நானே கலந்தது!"

"என்னத்தைடி கலந்தே?"

"ரகசியம். சரி, உனக்கு மட்டும் சொல்றேன். தைலத்தோட ஸ்பிரிட்டு. அதைக் கலந்தாத்தான் மணம் தெருக்கோடி வரைக்கும் ஓடும்."

ஹிந்தாத்து அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தூரிகையில் ஒட்டிய தங்கப் பெயிண்ட்டை அவள் எதைக் கொண்டு கழுவுகிறாளோ, அதே ஸ்பிரிட். வார்னிஷ் ஏறிய தட்டு தாங்கும். ஏறாத எட்டும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பரவாயில்லை. அந்த எட்டும் கூரையை ஒட்டி இருக்கின்றன. ஸ்டூலை ஒளித்து வைத்தாயிற்று. யார் கைக்கு எட்டப் போகிறது?

"ஹஜியா வர்றாங்க, வழி விடுங்க!"

கூட்டம் பிரிந்தது. ஹஜியா தபாவா அறை வாசலுக்கு வந்தார். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைக் குனிந்தார்.

நன்றாகக் குனிந்தார்.

உள்ளே வந்து நிமிர்ந்தார். நிமிர்ந்துகொண்டே இருந்தார். பெண் பேச வந்த அன்று அவர் பாயை விட்டு எழுந்திருக்கவேயில்லை என்பது ஹிந்தாத்துவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஆறடிக்குக் குறையாது. தலைத்துணிக் கட்டு வேறு தனி. மேல் பலகை அவர் கைக்குச் சுலபமாக எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

ரக்கியா தங்கையின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"சுவைபா அதிர்ஷ்டக்காரிதான்" என்றார் ஹஜியா. கீழ் வரிசையை நோக்கிக் குனிந்தார். கட்டைவிரல் எழும்பியது.

"உலுலுலுலுலு!" ரக்கியா குலவை போட்டாள். பெண்வீட்டார் அத்தனை பேரும் சேர்ந்து போட்டார்கள்.

விரல் இறங்கியது. ஹஜியா திரும்பிப் பார்த்தார். சத்தம் அடங்கியது. மறுபடி விரல் எழும்பியது.

"உலுலுலுலுலு!"

மறுபடி இறங்கியது.

"சம்பந்தி" என்றார் ஹஜியா மெதுவாக, "தொண்டையில ஏதாச்சும் உபாதையா?"

"சந்தோஷம் ஹஜியா. தாங்க முடியாத சந்தோஷம்."

"இன்னும் நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதனாலதான்" என்று உளறினாள் ரக்கியா.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கெக்கலித்தார்கள். ஹஜியா சிரிக்கவில்லை. நிமிர்ந்தார். கை நீட்டினார். மேல் வரிசையின் நடுத்தட்டை, அசாபேயின் தைலம் மினுங்கும் இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்து இறக்கினார்.

ஹிந்தாத்து மனசுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஹஜியா தட்டைச் சாய்த்துப் பார்த்தார். வலது கை லேசாக நழுவியது. பிடித்திருந்த இடத்தில் பெருவிரல் அகலத்துக்குத் தங்கம் காணோம். அலுமினியம் பல்லை இளித்தது.

ஹஜியாவின் கண் அந்த இடத்தில் நின்றது. பிறகு உள்ளங்கைக்குப் போனது. உள்ளங்கை பொன்னாக இருந்தது.

அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் கழுத்தை நீட்ட ஆரம்பித்தார்கள். இன்னும் இரண்டு நொடி. சுவைபாவின் பேர் முடிந்தது.

ஹிந்தாத்து அசாபேயின் காதருகே போனாள்.

"அக்கா சொல்றா, ஹஜியா எதிர்ல எதையும் பறிக்க உனக்குத் தைரியம் வராதாம்."

"யாருக்கு? எனக்கா?"

அவ்வளவுதான். அசாபே பாய்ந்தாள். ஹஜியாவின் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்து, முக்காட்டால் மூடிக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஓடினாள்.

"என் அடிமை வீட்டுச் சொத்து எனக்குத்தான்! ரக்கியா, மண்டி போடுடி! 'அசாபே என் எஜமானி, நான் அவ வீட்டு மாவு இடிக்கிறவ'ன்னு சொல்லு, தர்றேன்!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. ரக்கியா அப்படியே மண்டி போட்டுவிட்டாள். "நீ எஜமானி! நான் மாவு இடிக்கிறவ! மாவு மட்டும் என்ன, தினையும் குத்துறேன், மாட்டையும் கழுவுறேன், குடுத்துடுடி!"

"இவ்வளவு சீக்கிரமாவா?" அசாபே ஏமாந்துபோய் நின்றாள். ஒரு மணி நேரமாவது இழுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தட்டை முக்காட்டோடு ஹிந்தாத்துவிடம் கொடுத்தாள். கைகளைத் தட்டிக்கொண்டாள். தன் கையைப் பார்த்தாள்.

"யா அல்லா! இது என்ன, கையெல்லாம் தங்கம்!"

சிரிப்பு நின்றது.

அசாபே இரண்டு கையையும் எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். பதினைந்து ஜோடிக் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. பிறகு சுவரைப் பார்த்தன. பிறகு ஒன்றாகத் திரும்பி ஹஜியா தபாவாவைப் பார்த்தன.

ரக்கியா மண்டி போட்ட இடத்திலிருந்து எழவில்லை. எழுந்து என்ன ஆகப் போகிறது?

ஹஜியா தன் வலது கையைத் தூக்கினார். விரித்தார். அதுவும் தங்கம்.

"பாத்தீங்களா?" என்றார். "இதைத்தான் நான் இருபது வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்."

பெண்கள் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.

"கையில ஒட்டுற பித்தளை. எங்கம்மா சொல்லுவாங்க, மூணு தலைமுறை தாண்டினாத்தான் பித்தளை கனிஞ்சு கையில ஒட்டும்னு. புதுசுக்கு அந்தக் கனிவு வராது. கடையில வாங்குனதைத் தேச்சுப் பாருங்க, உங்க தோல்தான் உரியும்." கையை மெல்ல முகத்தில் தடவிக்கொள்வது போல் கன்னத்தருகே கொண்டு போனார். "மணப்பொண்ணு அறையில இது கையில ஒட்டுச்சுன்னா அந்த வீட்டுக்கு பரக்கத், அல்லா குடுக்கிற வளம். வாங்க, ஆளுக்கு ஒரு தடவை தொட்டுக்கோங்க."

"சுண்டிப் பாக்கலையா ஹஜியா?" என்றாள் ஒருத்தி.

"கையிலயே சாட்சி இருக்கும்போது காதுக்கு என்னடி வேலை?"

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஹிந்தாத்து சாகும்வரை மறக்க மாட்டாள். ஹஜியா மேல் பலகையிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி நீட்ட, பெண்கள் இடித்துக்கொண்டு வந்து தொட்டார்கள். தேய்த்தார்கள். தங்கத்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டார்கள், பிள்ளைகள் நெற்றியில் வைத்தார்கள். ஒருத்தி வராத மருமகளுக்காக இடது கையிலும் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் உட்கார்ந்து பூசியது எல்லாம் பதினைந்து கன்னங்களில் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"போதும், போதும். பித்தளைக்கும் மூச்சு முட்டும்" என்று ஹஜியா கடைசியில் கையமர்த்தினார். "மாசா ஆறுது. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

பெண்கள் குலவை போட்டுக்கொண்டே வெளியேறினார்கள். அசாபே எல்லோருக்கும் முன்னால், கையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தபடி. இன்னும் மண்டி போட்டிருந்த ரக்கியாவை யாரோ தூக்கிக் கூட்டிப் போனார்கள். ஹிந்தாத்துவும் நழுவப் பார்த்தாள்.

"நீ இரு" என்றார் ஹஜியா. "கதவைச் சாத்து."

*

சாத்தினாள்.

ஹஜியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் ஹிந்தாத்து உயரம் இருந்தார். முக்காட்டுக்குள் இருந்த தட்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"தங்கம் எத்தனை பூச்சு?"

மழுப்புவதில் பிரயோஜனம் இல்லை. "ரெண்டு."

"மேல வார்னிஷ்?"

"கீழ் ரெண்டு வரிசைக்கும் அடிச்சிட்டேன். இதுக்குத்தான்..." அதுவரை அடக்கி வைத்தது பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க நாளை முன்னாடி தள்ளிட்டீங்களே ஹஜியா! சனிக்கிழமை வந்திருந்தா உங்க நகமே உடைஞ்சிருக்கும், பெயிண்ட்டு அசைஞ்சிருக்காது!"

ஹஜியா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"வாய் இருக்கு. வேலையும் இருக்கு. கறுப்பு நல்லாத் துடைச்சிருக்கே, அந்தப் பூ இதழ் ஒவ்வொண்ணும் தனியா நிக்குது. ஆனா பச்சையை எங்கடி வெச்சிருக்கே? விளிம்புல! கை பிடிக்கிற இடத்துல களிம்பு எப்படித் தங்கும்? கைபட்டுத் தேஞ்சுல்ல போயிருக்கும். பூவோட இடுக்குல வெச்சிருக்கணும், அடிப்பக்க வளையத்துல வெச்சிருக்கணும். வாசல்ல நின்னபோதே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

"வாசல்லயேவா?"

"குலவை வேற போட்டீங்க. மாட்டைத் திருடினவன் மணியடிச்சுக்கிட்டுப் போன மாதிரி."

ஹிந்தாத்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஹஜியா, எங்கக்கா மேல தப்புதான். ஆனா சுவைபாவுக்கு இது தெரியாது. அவளை எதுவும்..."

"அவளை யாரு என்ன சொல்லப் போறா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள இந்த வட்டாரமே 'கையில ஒட்டுற பித்தளைக்காரி'ன்னு அவளைக் கொண்டாடும். நாளைக்கு நீ வந்து இந்த எட்டையும் எடுத்துட்டுப் போய்ப் பூசி, ரெண்டு நாள் காய வெச்சுக் கொண்டாந்து அடுக்கு. கேட்டா, விளக்கக் குடுத்திருக்குன்னு சொல்லு."

சொல்லிக்கொண்டே அவர் குனிந்து, அணைந்து கிடந்த தூபக்காலிலிருந்து சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்தார். தலைக்குப் பூசிய எண்ணெயைக் கையால் வழித்து அதோடு சேர்த்தார். உள்ளங்கையில் வைத்து வட்டமாகத் தேய்த்தார். நக இடுக்கை மட்டும் தனியாக, முக்காட்டு நுனியால். பத்து எண்ணுவதற்குள் கை சுத்தம்.

பெயிண்ட் வேலையில் பதினொரு வருடம் இருக்கிற ஹிந்தாத்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது கேட்டுத் தெரிந்துகொண்ட வேலை இல்லை. செய்து செய்து பழகிய கை.

"ஹஜியா... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹஜியா கதவைப் பார்த்தார். வெளியே அசாபேயின் குரல் யாரையோ அடிமை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"எங்கப்பா என்ன தொழில் பண்ணினார்னு உனக்கு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"பித்தளை வியாபாரின்னு ஊரே சொல்லுதே."

"ஊருக்கு அதைச் சொன்னது நான்." தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "லாரிக்கு எழுத்து எழுதுறவர். முன்னால நெத்தியில தங்கக் கலர்ல பேர் எழுதுவாங்களே, அது. என் கல்யாணத்துக்கு அறை அடுக்கக் கையில ஒண்ணும் இல்ல. முப்பத்தாறு தகரத் தட்டு வாங்கி, அந்த லாரிப் பெயிண்ட்டை எடுத்து அவரே பூசினார். கறுப்புக்கு எஞ்சின் எண்ணெய். நாப்பத்தொரு வருஷம் ஆச்சு."

"டாலாவுல உங்க அறையில இருக்கே... பெருநாளைக்கு ஊரே வந்து பாக்குதே, அந்த முப்பத்தாறு..."

"அதேதான். வருஷத்துக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக்கிட்டு நானே பூசிக்குறேன். என் வீட்டுல பித்தளைன்னு ஒரு கரண்டிகூட இருந்ததில்ல."

ஹிந்தாத்து கட்டிலுக்குக் கிட்டே நகர்ந்தாள். கிசுகிசுத்தாள். "அப்புறம் எந்தத் தைரியத்துல ஹஜியா, ஊர்ல ஒரு வீடு பாக்கி இல்லாம எல்லாத்தையும் சுண்டிப் பாக்குறீங்க?"

ஹஜியா தபாவா எழுந்து, தட்டை மேல் பலகையில் வைத்து, அலுமினியம் தெரிந்த பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பினார்.

"தைரியம் இல்லடி, பயம். ஊரையெல்லாம் சுண்டிப் பாக்குறவ வீட்டுல வந்து எவ சுண்டிப் பாக்கப் போறா?"